வானவெளி விதியும் வளியறிவும்

பழந்தமிழ் மக்கள் நிலத்தையும் நீரையும் மாத்திரமன்றி வானத்தையும் அறிய முயன்றோர் ஆவர். ஞாயிறு செல்லும் நெறியையும், அதன் இயக்கத்தையும், காற்று வீசும் திசையையும், பற்றுக்கோடின்றி நிற்கும் ஆகாயத்தின் இயல்பையும் நேரிற் சென்று அளந்தவர்போல எடுத்துரைக்க வல்ல அறிஞர் தம் காலத்தில் இருந்தனர் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றிற் குறிப்பிடுகின்றார். அக்காலத்தில் அவ்வறிவு வியந்து போற்றத்தக்க புலமையாக இருந்தது. இக்காலத்திலோ அது ஒரு தொழிலின் முதற்கடமையாகிவிட்டது. விமானமோட்டப் பயிலும் மாணவர் எவரும் காற்றின் போக்கையும் வானவெளியின் சட்டத்தையும் கல்லாது தனித்துப் பறக்க அனுமதிக்கப்படுவதில்லை.

பயிற்சிக் கழகங்களில் வானவெளி விதிகள் ஒரு பாடமாகவும் வளிமண்டலவியல் வேறொரு பாடமாகவும் கற்பிக்கப்படுகின்றன. ஆயினும், ஆராய்ந்து நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒன்றே என்பது புலனாகும். வானவெளி விதிகளிற் பெரும்பாலானவை, கண்ணுக்கு எட்டும் தூரம் எவ்வளவு, முகில் எவ்வளவு அண்மையில் உள்ளது, காற்று எப்பக்கமிருந்து வருகின்றது என்ற வினாக்களுக்கு விடையாக எழுந்தவையே. இவ்வுண்மையை, யாழ்ப்பாணத் தீவகத்து நாரந்தனை என்னும் ஊரின் மேலுள்ள வானத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகத்தின் வானம்

ஊர்காவற்றுறை, நாரந்தனை, சரவணை, வேலணை முதலிய ஊர்களைக் கொண்ட தீவு, ஒல்லாந்தரால் லைடன் எனப் பெயரிடப்பட்டதாகும். அத்தீவிலுள்ள நாரந்தனைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தூரத்திற் பலாலி விமான நிலையம் அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய அரச விமானப் படையினர் அமைத்த தளம் அது. போர் முடிந்தபின் குடிமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம், ‘சீதாதேவி’ என்னும் பெயர் பூண்ட டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. இலங்கையின் தேசிய விமான சேவை தொடங்கிய அந்நாளே யாழ்ப்பாணமும் உலக வானவழிப் படத்தில் இடம்பெற்ற நாள் எனலாம்.

பின்னர் உள்நாட்டுப் போரினால் அவ்வழி நெடுங்காலம் தடைப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆந் திகதி பலாலித் தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிற் சென்னைக்கான சேவை தொடங்கியது. 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினால் நின்றுபோன அச்சேவை 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மீண்டும் தொடங்கிற்று.

நாரந்தனைக்கும் பலாலிக்கும் இடையே தூரத்தினும் சிறந்த தொடர்பொன்று உண்டு. பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காக அமைந்தது. அதன் ஒரு முனையில் 05 என்னும் எண்ணும் மறுமுனையில் 23 என்னும் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஓடுபாதையின் காந்தத் திசையைப் பாகையிற் கணித்து, இறுதி இலக்கத்தை நீக்கி எழுதும் மரபு இது. 05 என்பது ஏறத்தாழ 50 பாகை, அஃதாவது வடகிழக்கு. 23 என்பது 230 பாகை, அஃதாவது தென்மேற்கு. இவ்வோடுபாதையின் நடுக்கோட்டைத் தென்மேற்கே நீட்டிச் செல்வோமாயின், அக்கோடு நாரந்தனைக்கு அணித்தாகவே தீவகத்தைக் கடந்து செல்லும். எனவே, ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கிவரும் விமானத்துக்கும், அதிலிருந்து எழுந்து நேராக ஏறும் விமானத்துக்கும் தீவக வானம் வாயிலாக அமைகின்றது. ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி வீதம் இறங்குவது வழக்கமாதலின், 13 கடல் மைல் தூரத்திலுள்ள நாரந்தனைக்கு நேர்மேலே அத்தகைய விமானம் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பதை மாணவர் கணித்துக் காணலாம்.

காற்றும் ஓடுபாதையும்

ஓடுபாதை ஏன் அத்திசையில் அமைந்தது என்ற வினாவுக்கு விடை கூறத் தீவகத்து மீனவர் எவரும் வல்லர். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நடுப்பகுதியில் வீசுவது சோழகம். அது தென்மேற்கிலிருந்து வருவது. ஆண்டின் இறுதியிலும் தொடக்கத்திலும் வீசுவது வாடை. அது வடகிழக்கிலிருந்து வருவது. நூலோர் இவற்றைத் தென்மேற்குப் பருவக்காற்று, வடகீழ்ப் பருவக்காற்று என்பர். பலாலியின் ஓடுபாதை இவ்விரு காற்றுக்களின் வழியிலேயே கிடக்கின்றது.

விமானம் காற்றை எதிர்த்தே எழவும் இறங்கவும் வேண்டும். இதன் காரணம் எளிது. விமானத்தைத் தாங்குவது நிலத்தின்மீது அது செல்லும் வேகமன்று. காற்றினூடே அது செல்லும் வேகமே. காற்றினூடே 60 நொட் வேகத்தில் இறங்கும் சிறு விமானமொன்று 15 நொட் எதிர்க்காற்றில் இறங்கினால், நிலத்தைத் தொடும்போது அதன் வேகம் 45 நொட் ஆகும். அதே காற்று பின்னிருந்து வீசினால் வேகம் 75 நொட் ஆகிவிடும். நிறுத்துதற்கு அழிக்கவேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஒப்ப வளர்வதாதலின், இரண்டாவது நிலையில் அது முதலாவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஒரே விமானம், ஒரே ஓடுபாதை. திசை ஒன்றே மாறியது. அதனால் ஓடுபாதை போதாமற் போகவுங் கூடும்.

ஆதலின் சோழகக் காலத்தில் விமானங்கள் தென்மேற்கு நோக்கி எழும். வாடைக் காலத்திலே தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி வந்து இறங்கும். நாரந்தனையில் நின்று நோக்குவார்க்குச் சோழகம் ஏறும் விமானத்தின் காலம். வாடை இறங்கும் விமானத்தின் காலம்.

காற்று எப்பொழுதும் ஓடுபாதைக்கு நேராக வீசுவதில்லை. 230 பாகை ஓடுபாதையில் இறங்கும்போது 200 பாகையிலிருந்து 20 நொட் காற்று வீசுவதாகக் கொள்வோம். இடைக்கோணம் 30 பாகை. அதன் சைன் பெறுமானம் அரை. எனவே 10 நொட் காற்று விமானத்தைப் பக்கவாட்டிலே தள்ளும். எஞ்சிய கூறு ஏறத்தாழ 17 நொட் எதிர்க்காற்றாக உதவும். பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 152 வகைச் சிறு விமானம் 12 நொட் பக்கக் காற்றில் இறக்கிக் காட்டப்பட்டது. செஸ்னா 172 வகை 15 நொட்டில் இறக்கிக் காட்டப்பட்டது. அவற்றை இறக்கிக் காட்டியோர் தேர்ந்த விமானிகள் என்பதை மாணவர் மறத்தலாகாது. கேத்திரகணிதத்திற் கற்ற சைன் அட்டவணை உயிர்காக்கும் கருவியாவது இத்தகைய இடத்திலேயாம்.

வெப்பமும் விமானத்தின் ஆற்றலைக் குறைக்கும். கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்பதே விமானவியலார் கொண்ட நியம வெப்பநிலை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் காற்று, ஏறத்தாழ 120 அடி உயரத்திலுள்ள காற்றைப்போல் ஐதாகின்றது. நண்பகலில் 33 பாகை வெப்பத்திலே தட்டையான தீவகத்தின் ஓரத்தில் நிற்கும் விமானம், ஏறத்தாழ 2,160 அடி உயர மலையின்மேல் நிற்பதைப்போன்றே இயங்கும். எழுவதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். ஏறும் வேகமும் குறையும்.

வானவெளியின் பகுப்பு

வானம் எல்லையற்றதாகத் தோன்றினும் சட்டத்தின் கண்ணுக்கு அது பல கூறாகப் பிரிக்கப்பட்டதாகும். 1944ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆந் திகதி சிக்காக்கோ நகரிற் கைச்சாத்திடப்பட்டு, 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையே இப்பகுப்புக்கு அடிப்படை. ஒவ்வொரு நாடும் தன் நிலத்துக்கும் ஆட்புலக் கடலுக்கும் மேலுள்ள வானத்தின்மீது முழு இறைமை உடையது என்பது அதன் முதற்கோட்பாடு. உலகின் வானம் முழுவதும் பறப்புத் தகவல் வட்டகைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இலங்கையின் வானமும் அதனைச் சூழ்ந்த பெருங்கடலின் வானமும் கொழும்பு வட்டகையைச் சாரும். பாக்கு நீரிணையின் மேலே அது சென்னை வட்டகையைச் சந்திக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வடமேற்கே செல்லும் விமானி, புறப்பட்ட சிறிது நேரத்திலேயே ஒரு வட்டகையினின்று மற்றொன்றுக்குக் கையளிக்கப்படுவார்.

வட்டகையினுள் வானவெளி ஏ முதல் ஜீ வரை ஏழு வகுப்புக்களாக வகைசெய்யப்படும். ஏ வகுப்பிற் கருவிகளைக்கொண்டு பறப்போர்க்கே இடமுண்டு. கட்புலனாற் பறப்போர்க்கு இடமில்லை. பீ வகுப்பில் இருசாராரும் பறக்கலாம். ஒவ்வொருவரும் மற்றெல்லோரிடமிருந்தும் கட்டுப்பாட்டாளரால் விலக்கிவைக்கப்படுவர். சீ, டீ, ஈ வகுப்புக்களில் இப்பாதுகாப்புப் படிப்படியாகக் குறையும். எவ் வகுப்பில் ஆலோசனையும், ஜீ வகுப்பில் தகவலும் மாத்திரமே கிடைக்கும். சுருங்கக் கூறின், மேல்வகுப்பில் விமானியின் சுதந்திரம் குறைவு, பாதுகாப்பு மிகுதி. கீழ்வகுப்பில் சுதந்திரம் மிகுதி, பொறுப்பும் மிகுதி.

இவற்றின் வேறாக, பறத்தல் முற்றாக விலக்கப்பட்ட பகுதி, நிபந்தனையோடு அனுமதிக்கப்படும் பகுதி, குறித்த வேளைகளில் ஆபத்து நிகழக்கூடிய பகுதி என மூவகைப் பகுதிகள் உண்டு. இவற்றின் எல்லைகளும் நேரங்களும் மாறுந்தோறும் விமானிகளுக்கு அறிவித்தல் விடுக்கப்படும். அவ்வறிவித்தலைப் படியாமற் புறப்படுதல் பெருங்குற்றம். எல்லைகள் எத்துணை இன்றியமையாதன என்பதை வரலாறு துயரத்தோடு உணர்த்தியுள்ளது. 1998ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டனர். 2014ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி உக்கிரேன் நாட்டின்மேல் மலேசிய விமானமொன்று வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அங்கே 32,000 அடிக்குக் கீழான வானம் மூடப்பட்டிருந்தது. அவ்விமானமோ 33,000 அடியிற் பறந்தது. போர் நிகழும் நிலத்தின் மேலுள்ள வானத்தை எவ்வளவு உயரத்துக்கு மூடவேண்டும் என்பது விமானிக்கு மாத்திரமன்றி அரசுகளுக்கும் உரிய வினாவாகும்.

வழிவிடும் முறைமை

வானவழி விதிகளிற் பலவற்றைக் கடலோடிகளிடமிருந்தே விமானிகள் கற்றனர். இரவிற் கப்பலின் இடப்பக்கம் செவ்விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரிவதை ஊர்காவற்றுறைத் துறைமுகத்தார் அறிவர். விமானத்திலும் அவ்வாறே, வாற்பக்கம் வெள்ளை விளக்கு எரியும். நேர் எதிரே வரும் இரு விமானங்களும் தத்தம் வலப்பக்கம் திரும்புதல் வேண்டும். குறுக்கே சந்திக்கும் இரு விமானங்களுள், மற்றதைத் தன் வலப்பக்கத்திற் காணும் விமானம் வழிவிடுதல் வேண்டும். முந்திச் செல்வது வலப்பக்கமாக விலகிச் செல்லுதல் வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு ஏனையவை வழிவிட வேண்டும். இரண்டும் இறங்க வருமாயின் தாழ்ந்து நிற்பதற்கே முதலுரிமை. எனினும் அவ்வுரிமையைக் காட்டி மற்றதன் முன்னே குறுக்கிடல் ஆகாது. இயந்திர விமானம் மிதவை விமானத்துக்கும், அது வாயுக்கூண்டுக்கும் வழிவிடும். ஆற்றல் மிக்கது ஆற்றல் குறைந்ததற்கு வழிவிட வேண்டும் என்னும் அறம் இதிற் பொதிந்துள்ளது.

எதிர்வருவோர் ஒரே உயரத்திற் சந்தியாதிருக்கவும் ஒரு விதி உண்டு. 3,000 அடிக்கு மேலே கட்புலனாற் பறப்போர், காந்தத் திசை 0 முதல் 179 பாகை வரையாயின் ஒற்றை ஆயிரத்தோடு 500 அடி சேர்த்தும், 180 முதல் 359 பாகை வரையாயின் இரட்டை ஆயிரத்தோடு 500 அடி சேர்த்தும் உயரத்தைக் கொள்வர். இரத்மலானையிலிருந்து பலாலி ஏறத்தாழ நேர்வடக்கே, சற்றுக் கிழக்குச் சாய்ந்து, 330 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. ஆகவே போகும்போது 3,500 அல்லது 5,500 அடி. மீளும்போது 4,500 அல்லது 6,500 அடி. தனியார் விமானி உரிமம் பெற விழையும் மாணவர், பன்னாட்டு நியமப்படி குறைந்தது 40 மணிநேரம் பறந்திருத்தல் வேண்டும். அதனுள் 270 கிலோமீற்றருக்குக் குறையாத தனிப்பயணம் ஒன்றையும் முடித்திருத்தல் வேண்டும். இரத்மலானையினின்று பலாலி வரையான வழி அவ்வளவைத் தாண்டியதென்பது கருதத்தக்கது.

மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், 600 மீற்றர் சுற்றளவிலுள்ள அதியுயர்ந்த தடைக்கும் 1,000 அடி மேலாகவும், ஏனைய இடங்களில் நிலத்துக்கோ நீருக்கோ 500 அடி மேலாகவும் பறத்தல் வேண்டும். இவ்விதி கீழே வாழ்வோருக்காகவும் ஆக்கப்பட்டது. கீழே வாழ்வோருக்கும் கடமையுண்டு. வாடை வீசும் தை மாதத்தில் யாழ்ப்பாணச் சிறுவர் விண் கட்டிய பெரும்பட்டங்களை ஏற்றி மகிழ்வர். விமானம் இறங்கும் வழியிற் பட்டமேற்றுதல் விமானத்துக்குப் பேரிடர் விளைக்கும். வாடையே பட்டத்தையும் ஏற்றுவது, விமானத்தையும் தென்மேற்கிலிருந்து இறங்கச் செய்வது என்பதை எண்ணிப் பார்த்தால் எச்சரிக்கையின் தேவை விளங்கும்.

கட்புலனாற் பறக்கும் உரிமைக்கும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. 10,000 அடிக்குக் கீழே 5 கிலோமீற்றரும், அதற்கு மேலே 8 கிலோமீற்றரும் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும். முகிலினின்று கிடையாக 1,500 மீற்றரும் நிலைக்குத்தாக 1,000 அடியும் விலகியிருத்தல் வேண்டும். கட்டுப்பாட்டு வலயத்தில் முகிற்கூரை 1,500 அடிக்குக் குறைந்தாலோ, பார்வைத் தூரம் 5 கிலோமீற்றருக்குக் குறைந்தாலோ, தனியனுமதியின்றி எழுதலும் இறங்கலும் கூடா. இவ்வெண்கள் மனம்போனபடி வைக்கப்பட்டன அல்ல. முகிலினுள்ளிருந்து கருவிவழி வரும் விமானம் திடீரென வெளிப்படுமாயின், அதனைக் கண்டு விலகுதற்கு வேண்டிய கால இடைவெளியே அத்தூரமாக எழுதப்பட்டுள்ளது. விதி வளியின் வடிவம் என்பது இங்கே தெளிவாகின்றது.

வானிலை அறிக்கை

புறப்படுமுன் விமானி இருவகை அறிக்கைகளைப் படித்தல் வேண்டும். ஒன்று, விமான நிலையத்தில் அவ்வேளையில் உள்ள நிலையைக் கூறுவது. மற்றது, வரும் மணிநேரங்களில் நிகழவிருப்பதை முன்னறிவிப்பது. நேரம் கிறீனிச்சை அடியாகக்கொண்ட உலக நேரத்தில் எழுதப்படும். இலங்கை நேரம் அதனினும் ஐந்தரை மணிநேரம் முற்பட்டது. காலை ஆறரை மணி அறிக்கை, உலக நேரத்தில் ஒரு மணி எனவே குறிக்கப்படும். அடுத்துக் காற்று: முதல் மூன்றிலக்கம் அது வரும் திசை, பின்னைய இரண்டிலக்கம் வேகம். எழுதப்பட்ட அறிக்கையில் திசை உண்மை வடக்கினின்றும், கோபுரத்திலிருந்து வாய்மொழியாகக் கூறப்படுங்கால் காந்த வடக்கினின்றும் கணிக்கப்படும். யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதாயினும், வேறு நாடுகளிற் பெரிதாதலின் அதனை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பார்வைத் தூரம் மீற்றரில் தரப்படும். 9999 என்பது 10 கிலோமீற்றரோ அதற்கு மேலோ என்று பொருள்படும். வானத்தை எட்டுக் கூறாக்கி முகிலின் அளவைக் கூறுவர். ஒன்றிரண்டு கூறு சிறிதளவு, மூன்று நான்கு சிதறியது, ஐந்து முதல் ஏழு வரை உடைந்தது, எட்டும் மூடியது. பாதிக்கு மேற்பட்ட வானத்தை மறைக்கும் அதிதாழ்ந்த முகிற்படையின் அடியே முகிற்கூரை எனப்படும். வெப்பநிலையும் பனிபடுநிலையும் அருகருகே எழுதப்பட்டிருக்கும். இவ்விரண்டின் வேறுபாட்டை 400ஆற் பெருக்கினால் திரள்முகிலின் அடி எத்தனை அடி உயரத்தில் உருவாகும் என்பதை மதிப்பிடலாம். வெப்பநிலை 30, பனிபடுநிலை 25 ஆயின் முகிலடி ஏறத்தாழ 2,000 அடி. வேறுபாடு சுருங்கிச் சூனியத்தை அணுகுமாயின் மூடுபனி எழும். தை மாசி மாதங்களின் தெளிந்த, காற்றற்ற விடியற்காலையில் நிலம் குளிர்ந்து வயல்வெளிகளிற் பனி படிவது இக்காரணத்தினாலேயே.

அமுக்கமும் உயரமானியும்

உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதன்று. காற்றின் அமுக்கத்தை அளந்து, அதனை அடியாக மாற்றிக் காட்டுவது. கடல்மட்ட அமுக்கம் 1013.25 மில்லிபார் என்பது நியமம். தாழ்ந்த உயரங்களில் ஒரு மில்லிபார் குறைவு ஏறத்தாழ 27 அடி உயர்வுக்குச் சமம். ஒருவர் தம் உயரமானியை 1013இல் வைத்துவிட்டு, அமுக்கம் 993 ஆகவுள்ள பகுதிக்குட் பறப்பதாகக் கொள்வோம். 20 மில்லிபார் வேறுபாட்டினால் கருவி ஏறத்தாழ 540 அடி மிகையாகக் காட்டும். 1,000 அடியில் இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்க, உண்மையில் 460 அடியிலேயே பறந்துகொண்டிருப்பார். உயர் அமுக்கத்திலிருந்து தாழமுக்கத்துக்குச் செல்வோர் கீழே பார்த்துக்கொள்க என்று ஆசிரியர் ஓயாது எச்சரிப்பதன் காரணம் இதுவே.

அயனமண்டலத்தில் அமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறியிறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உயர்ந்தும், மாலை நான்கு மணியளவிலும் விடியற்காலை நான்கு மணியளவிலும் தாழ்ந்தும் நிற்கும். இவ்வொழுங்கு குலைந்து, அந்நேரத்துக்குரிய சராசரியினும் 3 மில்லிபார் குறையுமாயிற் சூறாவளியை ஐயுறவேண்டும். 5 மில்லிபார் குறையுமாயின் ஐயமே வேண்டா என்பது கடலோடிகளின் பழைய விதி. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி வட இலங்கையைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த பெருஞ்சூறாவளியை வடபுலத்தார் எளிதில் மறவார். அத்தகைய நாளில் விமானிக்குரிய ஒரே விதி, நிலத்தை விட்டு எழாமையே.

உயரம் பற்றிய தவறு எத்துணை கொடியது என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக் கட்டுநாயக்காவை நோக்கி வந்த மாட்டின் எயார் விமானம், தான் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்துக் காலத்துக்கு முன்னரே தாழ்ந்து, மஸ்கெலியாப் பகுதியிலுள்ள சப்தகன்னி மலையில் மோதிற்று. 191 பேரும் மாண்டனர். பறக்கும் இயந்திரம் தன்னிடத்தை அறியாத கணமே அதற்கு மரணம் அணித்தாகும் கணம்.

இடிமுகில்

பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பருவக்காற்றுக்கள் தளர்ந்து மாறும் இடைக்காலத்திற் பிற்பகல் இடிமுகில்கள் எழும். இடிமுகிலின் வாழ்வு மூன்று பருவங்களைக் கொண்டது. முதற்பருவத்தில் முகிலுள் எங்கும் காற்று மேனோக்கி எழும். இரண்டாம் பருவத்தில் மழை வீழத் தொடங்க, மேலெழு காற்றும் கீழிறங்கு காற்றும் அருகருகே மோதும்; மின்னலும் ஆலங்கட்டியும் தோன்றும். மூன்றாம் பருவத்தில் கீழிறங்கு காற்றே எஞ்சி முகில் அடங்கும். கீழிறங்கு காற்று நிலத்தில் மோதி நாற்புறமும் விரியுமாயின், இறங்கும் விமானம் முதலில் எதிர்க்காற்றையும், கணநேரத்தில் பின்காற்றையும் சந்தித்துத் தாங்குவிசையை இழக்கும். மழை முகிலிலிருந்து பல மைல் விலகியும் இக்காற்று வந்து தாக்கும். கடும் இடிமுகிலினின்று குறைந்தது 20 மைல் விலகிச் செல்க என்பதே ஆசிரியர் அறிவுரை. தென்மேற்கே கருமுகில் திரண்டு, காற்று சட்டென ஓய்ந்து, பின் குளிர்ந்து வீசத் தொடங்கும்போது தோணியைக் கரையேற்றும் மீனவர், நூலோர் கூறும் அவ்வறிவையே வேறு வழியிற் பெற்றவர் ஆவர்.

புலன் மயக்கம்

காற்றினும் முகிலினும் கொடிய பகை விமானியின் உடலுள்ளேயே உள்ளது. மனிதன் தன் நிலையை உணர்வது பெரிதும் கண்ணினாலேயே. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்கள் திரும்பலின் தொடக்கத்தையும் முடிவையும் உணருமேயன்றிச் சீராகத் தொடரும் திரும்பலை உணரமாட்டா. எனவே அடிவானம் மறைந்தபோது, சரிந்து வட்டமிடும் விமானத்தில் இருப்பவர் நேரே செல்வதாகவே நம்புவர். கருவி உண்மையைக் காட்டினும் உடல் அதனை மறுக்கும்.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் இதனை ஆராய்ந்தனர். கருவிவழிப் பறத்தலிற் பயிற்சியில்லாத 20 பேரை, வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் விமானத்தை ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சராசரியாக எடுத்த நேரம் 178 செக்கன்கள், மூன்று நிமிடமுமில்லை. ஆயினும் அவ்வாய்வு அச்சுறுத்தலோடு நின்றுவிடவில்லை. கருவியை நம்பி, மெதுவாக, 180 பாகை திரும்பி வந்த வழியே மீளும் முறையைச் சில மணிநேரம் பயிற்றியபின், அவர்களுள் ஏறத்தாழ எல்லோரும் பாதுகாப்பாக மீளக் கற்றுக்கொண்டனர்.

இருபதின்மர்க்கு நேர்ந்தது எவர்க்கும் நேரலாம். 1999ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி இரவு, அமெரிக்க முன்னாட் சனாதிபதியின் மகன் ஜோன் எஃப். கென்னடி இளையவர் தம் விமானத்தை ஓட்டிச் சென்று, கடலின்மேல் வீழ்ந்து, உடன்சென்ற இருவரோடு மாண்டார். இருளும் புகாரும் சூழ்ந்த கடலின்மேற் புலன் மயக்கத்தால் அவர் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணையாளரின் முடிவு. அங்கே புயலில்லை, இடியில்லை. அடிவானம் ஒன்றே இல்லை. மூன்றுபுறமும் கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்திலும் புகார் படிந்த மாலைகளில் வானும் பாக்கு நீரிணையும் ஒரே நிறமாகிக் கலந்துவிடும். அவ்வேளையில் நாரந்தனைக் கரையைக் கடந்து மேற்கே செல்லும் கட்புலன் விமானிக்கு, 5 கிலோமீற்றர் என்னும் எண் வெறும் சட்டமன்று. தன்னுயிர்க்கும் மரணத்துக்கும் இடையே நிற்கும் வேலியாகும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், வானவெளி விதி என்பது அதிகாரிகள் வசதிக்காக வகுத்த கட்டுப்பாடன்று என்பதும், காற்றும் முகிலும் மனிதப் புலனின் குறையும் கற்பித்த பாடங்களின் தொகுப்பே அஃது என்பதும் பெறப்படும். விதியை மனனஞ்செய்து காரணத்தை அறியாதவர், விதியிற் கூறப்படாத இடர் வந்துழித் திகைப்பர். வளியை அறிந்து விதியை மதியாதவர், பிறர் உயிர்க்கு இடராவர். இரண்டையும் அறிந்தவரே விமானி என்னும் பெயர்க்கு உரியவர்.

மேலும், இக்கல்வியின் நிறைவு எங்கே உள்ளது என்பதையும் மாணவர் சிந்தித்தல் வேண்டும். எழுதலும் ஏறலும் கைத்திறன். புறப்படாது நிற்றலும், புறப்பட்டபின் வந்தவழி மீளலும் அறிவுத்திறன். பலர் காணக் காத்திருக்கும்போது ‘இன்று செல்லேன்’ என்று சொல்லும் துணிவும், பாதி வழியிலே திரும்பும் அடக்கமும் எந்தக் கருவியும் தராதவை. யாழ்ப்பாணத்து வானவழி நெடுங்காலத்தின் பின் மீண்டும் திறந்திருக்கின்றது. தீவகத்துச் சிறுவர் இன்று தலைக்குமேலே விமானத்தைக் காண்கின்றனர். அவர்களுள் விமானிகளும், வளிமண்டலவியலாரும், வானவழிக் கட்டுப்பாட்டாளரும் தோன்றல் வேண்டும். கணிதமும் பௌதிகமும் புவியியலும் அத்துறைக்கு வாயில்கள். அவ்வாயில்கள் கல்லூரி வகுப்பறைகளிலேயே உள்ளன.